தராசு சொல்லாத சேதி

தந்தையார் நீரிழிவால் படும் துன்பம் கண்டு, என் உடற்பருமனைக் குறைக்க உறுதி பூண்டேன். சோற்றைக் குறைத்தேன், சூரமங்கலம் உழவர் சந்தைக்கு நடந்தே சென்றேன். முதல் வாரம் 2 கிலோ குறைந்தது. மூன்றாம் வாரம் எடை அசையவே இல்லை, மனம் தளர்ந்தேன்.

காரணம் பின்னரே விளங்கிற்று. உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் தங்குகிறது. முதலில் குறைவது பெரும்பாலும் அந்நீரே! கொழுப்போ மெல்லத்தான் கரையும்.

தொடக்கத்தில் இடுப்பை அளந்து முடிச்சிட்டு வைத்த நூலை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு விரற்கடை மிஞ்சியது! ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது மூச்சிரைப்பும் தணிந்திருந்தது.

நண்பர்களே, தராசை மட்டும் நம்பிச் சோர்ந்துவிடாதீர்கள். நூலையும் மூச்சையும் கேளுங்கள். மறுநாளும் நடக்க அவையே ஊக்கம் தரும்.