மே மாதம் கிழக்கே, மார்கழியில் தெற்கே

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தூரம், நான்கு மணி நேரப் பயணம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு கிடைத்த கப்பல் என்பதால் இரு கரைகளிலும் கொண்டாட்டம். ஆனால், ஒரு வாரம்கூட ஓடவில்லை. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டிச் சேவையை நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பல் அதே வழியில் ஓடத் தொடங்கியது. ஐப்பசி பிறக்கிற நேரத்தில் அந்தக் கடல் எப்படியிருக்கும் என்று நாகை மீனவர் யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் சொல்லியிருப்பார்.

இலங்கைக்குக் கடற்கரை விடுமுறை போக விரும்புகிறவர்களும் இதே காற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். 'எந்த மாதம் போகலாம்?' என்று கேட்டால், 'டிசம்பர் முதல் மார்ச் வரை' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் போகிறவர்களுக்கு அது சரியான பதில். அதை நம்பி டிசம்பரில் திருகோணமலைக்கு அறை எடுக்கிற குடும்பம், ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தீவின் நடுவே நிற்கும் மலைநாடு. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல சிகரத்தைச் சுற்றிய மலைத்தொகுதி, வருகிற மேகத்தை ஒரு பக்கமே கொட்டச் செய்துவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, ஈரத்தையெல்லாம் கொழும்பு, காலி, இரத்தினபுரி பக்கம் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டும்போது வறண்டுபோய்க் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். உதட்டை வெடிக்க வைக்கும் அனல் காற்று. யாழ்ப்பாணத்தில் இதே பருவத்துத் தென்மேற்குக் காற்றுக்குச் சோளகம் என்று பெயர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டம் திரும்புகிறது. வங்கக் கடல் பக்கமிருந்து வரும் வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையை நனைக்க, தெற்கும் மேற்கும் வெயிலில் காய்கின்றன.

மழைக் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கொழும்பில் மே மாதச் சராசரி மழை ஏறத்தாழ 390 மில்லிமீட்டர். அதே மாதத்தில் திருகோணமலையில் 50 மில்லிமீட்டர் அளவுதான். ஜனவரியில் கொழும்புக்குக் கிடைப்பது 60 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். திருகோணமலையிலோ நவம்பரும் டிசம்பரும் தலா 300-ஐத் தாண்டுகின்றன.

ஆனால், மழை அளவை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பதில் ஆபத்து இருக்கிறது. கொழும்பில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் சராசரி மழை 120 மில்லிமீட்டர் அளவுதான். மே மாத மழையில் மூன்றில் ஒரு பங்கு. 'மழை குறைந்துவிட்டதே' என்று தெற்குக் கரைக்குப் போனால் வெயில்கூட அடிக்கும். கடல்தான் விடாது. கரையை நோக்கி நேராக அடிக்கும் காற்று அலையை உடைத்து நுரைக்க வைக்கும். மணல் கலங்கி நீர் பழுப்பாகும். படகுகள் தென்னை மரத்தடிவரை இழுத்து ஏற்றப்பட்டிருக்கும். சிவப்புக் கொடி பறக்கும். கடற்கரை விடுமுறைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசையைத்தான். மழையைக் குடை பார்த்துக்கொள்ளும்.

சிவப்புக் கொடியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கொந்தளிக்கும் கரையில் அலைகள் கொண்டுவந்து குவிக்கிற நீர், ஏதோ ஓரிடத்தில் குறுகிய ஓடையாகக் கூடிக் கடலுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் அலை உடையாது, மேற்பரப்பு அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர் 'இங்கே பரவாயில்லை' என்று நினைத்து இறங்குவது அங்கேதான். இடுப்பளவு நீரில் நிற்பவரையும் அது உள்ளே இழுத்துச் சென்றுவிடும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு விலகிய பிறகே திரும்ப வேண்டும். கடற்கரை விடுதியில் கட்டிய பணம் வீணாகிறதே என்று கொடியை மீறி இறங்குவது போன்ற அநியாயமான துணிச்சல் வேறில்லை. குழந்தைகள் கூட இருக்கும்போது அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

இந்தப் பருவ மாற்றத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் மீனவர்கள். தென்மேற்குக் காற்று எழும் நேரத்தில் மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் வலையும் படகுமாக முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வாடி போட்டுத் தங்குவது நெடுநாள் வழக்கம். காற்று மாறும்போது ஊர் திரும்புவார்கள். முல்லைத்தீவுத் தமிழ் மீனவர்களுக்கு இது தங்கள் கரையின் உரிமை சம்பந்தப்பட்ட பிரச்சினையாகவும் இருந்துவருகிறது. அந்தக் கரைகளுக்குப் போகிற பயணி அதையும் அறிந்திருப்பது நல்லது.

கிழக்கில் கரைவலை இழுப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். விடிகாலையில் படகு ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் பெரிய வளைவாகப் போய் வலையை இறக்கி, சில நூறு அடி தள்ளி மறு நுனியுடன் கரை சேரும். இரண்டு கயிற்றுக்கும் இரண்டு கூட்டம். குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்து, அடிமேல் அடியாக இழுப்பார்கள். இழுத்த கயிற்றை ஒருவர் வட்டமாகச் சுருட்டிக்கொண்டே வருவார். இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கிவரும். மிதவைகளின் வளைவு குறுகும். கடைசியில் மடி கரைக்கு வரும்போது காகங்களுக்கு முன்னால் வியாபாரிகள் வந்து நிற்பார்கள். சூடையும் நெத்தலியும் வெயில் பட்டுத் துள்ளும். இப்போது பல இடங்களில் டிராக்டரில் விஞ்ச் பொருத்தி இழுக்கிறார்கள். ஆள் இழுத்தாலும் இயந்திரம் இழுத்தாலும் அலை அடங்கியிருந்தால்தான் படகு கரையைவிட்டு வெளியேற முடியும். ஆகவே, கரைவலை இழுக்கும் கடல் குளிக்கவும் தோதான கடலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கிழக்கில் இது பங்குனி, சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை. மேற்கில் ஐப்பசிக்குப் பிறகு.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குக் கிடைக்கிற பெரிய விடுமுறை ஏப்ரல் கடைசியும் மே மாதமும். அதனால் அவர்களுக்கு வாய்த்தது கிழக்குக் கரைதான். அதில் ஒரு குறையும் இல்லை. திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, அதைத் தாண்டி நிலாவெளி. நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடு கட்டும் இரண்டு சின்னப் பாறைத் திட்டுகள். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் முகத்தைக் கவிழ்த்தால் போதும், பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் தெரியும். கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமில்லாத நீரில் சுற்றிவரும். மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போகும் சுபாவம் அவற்றுக்கு. பவளத்தின் மேல் கால் வைப்பதுதான் இங்கே செய்யக் கூடாத பெரும் பிழை. ஒரு நிமிடத்தில் உடைவது திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பாசிக்குடாவைச் சொல்லலாம். மட்டக்களப்புக்கு வடக்கே, கல்குடாவை அடுத்த விரிகுடா. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது.

அலைச்சறுக்குக்காரர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு அலை வேண்டும், ஆனால் கலங்காத அலை வேண்டும். பொத்துவிலுக்குப் பக்கத்திலுள்ள அறுகம் குடாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அது கிடைக்கிறது. தென்கோளத்தின் குளிர்காலத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் தள்ளிவிடும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இந்த முனையைச் சுற்றி வளைகின்றன. அதே நேரத்தில் தென்மேற்குக் காற்று இங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் சிதறாமல் நிமிர்ந்து நிற்கிறது. உனவட்டுனவில் கடலைக் கலக்கும் அதே காற்றுதான் அறுகம் குடாவில் அலையைச் சீராக்குகிறது.

வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள் இந்தக் கிழக்குக் கரை வழியாகத்தான், பொத்துவிலைக் கடந்து உகந்தை முருகன் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் நுழைகிறார்கள். ஆடித் திருவிழாவுக்குப் போய்ச் சேரும் நடை அது. வானம் மூடாத, ஆறுகள் வற்றிய மாதங்கள். அதே கிழக்கில் ஆகஸ்ட் வெயிலின் கடுமையையும் சொல்லியாக வேண்டும். நண்பகலில் 34, 35 டிகிரி சாதாரணம். காலை ஒன்பதுக்குள் கடல், மாலை நான்குக்குப் பிறகு மறுபடி கடல் என்று வைத்துக்கொள்வதே உடம்புக்கு நல்லது.

அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறைக்குத் தெற்கு. ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ என்று காலியைச் சுற்றி வரிசையாக ஊர்கள். கொழும்பிலிருந்து அதிவேகப் பாதையில் காலிக்கு இரண்டு மணி நேரம் போதும். அவசரம் இல்லாதவர்கள் கடலோரமாகவே ஓடும் ரயிலில் போகலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகுகள் கிளம்புகின்றன. தெற்கு முனையில் கடலடித் தரை கரைக்கு அருகிலேயே சரிந்து ஆழமாகிவிடுவதால், உலகின் மிகப்பெரிய விலங்கான நீலத் திமிங்கிலத்தை அன்று காலை போய் அன்று மதியமே திரும்பிவிடும் தூரத்தில் பார்க்க முடிகிறது. கோடையில் கிழக்கே போகிறவர்களும் வருந்த வேண்டாம். திருகோணமலைத் துறைமுக வாயிலை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால், காற்று மாறிய மாதங்களில் அங்கேயும் திமிங்கிலங்கள் தென்படுகின்றன. தெற்கில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் மட்டும் அறை வாடகை எகிறும். ஜனவரி பாதிக்கு மேல் அதே கடல், அதே வெயில், கூட்டம் குறைவு.

இரு கரையும் ஒருசேர அமைதியாக இருக்கும் மாதம் ஒன்று உண்டு என்றால் அது மார்ச். வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்மேற்கு இன்னும் எழாத இடைவெளி. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடுகள் இந்த மாதத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு மார்ச் என்பது பரீட்சைக் காலம். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கை முழுவதும் ஊருக்குக் கிளம்பிவிடும். பேருந்தும் ரயிலும் நிரம்பி வழியும், சின்ன ஊர்களில் உணவகங்கள் பூட்டிக் கிடக்கும். அந்த வாரத்தைத் தாண்டிப் போவது நல்லது.

இந்த இரட்டைக் கரை வசதி எல்லாத் தீவுக்கும் கிடையாது. மாலத்தீவில் காற்றைத் தடுக்க மலையே இல்லை. மே முதல் அக்டோபர் வரை எந்தத் தீவானாலும் மழைக்கும் காற்றுக்கும் தப்பாது. எனினும், அந்த மாதங்களில்தான் பா பவளத் தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு குடாவில் மிதவை உயிரிகள் பெருகி, அவற்றைத் தின்ன மான்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. அதைப் பார்க்கவென்றே மழைக்காலத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தமானில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாதுகாப்பானது. பூமத்திய ரேகைக்குத் தெற்கேயுள்ள பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நம் கோடை விடுமுறை அதற்குள் அடங்குகிறது.

எஞ்சியிருப்பது தீபாவளி. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை இலங்கையில் எந்தக் கரையையும் நம்பித் திட்டமிட முடியாது. மதியத்துக்கு மேல் தீவு முழுவதும் இடிமழை; வங்கக் கடலில் புயல் எழும் காலமும் அதுவே. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும், 2020 டிசம்பர் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவியும், 2025 நவம்பர் இறுதியில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த டிட்வாவும் இந்த இடைவெளியில் வந்தவைதான். டிட்வாவில் மலைநாட்டில் மண்சரிவே பெரும் நாசம் செய்தது. அதனால் கடலைத் தவிர்த்து மலைக்குப் போகலாம் என்பதும் இந்த நேரத்தில் நல்ல யோசனை ஆகாது. விடுமுறை அப்போதுதான் கிடைக்கும் என்றால், நடுவிலுள்ள அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா பக்கம் வைத்துக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை இல்லாத நாளில் காலையிலேயே சிகிரியாவில் ஏறத் தொடங்கினால், இடி இறங்குவதற்குள் கீழே வந்து சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.