ஊருக்குள் போகாத உயிரொலி

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பொறியியல் படிப்பை முடித்துவிட்டு வேலைத் தேர்வுகளுக்குப் போய்வருகிறார். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறார். தொலைபேசி நேர்காணலில்தான் சிக்கல். ‘மறுபடி சொல்லுங்கள்’ என்கிறார்களாம். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு தினமும் பயிற்சி செய்கிறார். உயிரொலி, சொல்லழுத்தம், குரலின் ஏற்ற இறக்கம் என்று அதில் மூன்று பாடங்கள். “மூன்றில் எதை முதலில் பிடிப்பது? இதற்கெல்லாம் அறிவியல் அடிப்படை உண்டா, இல்லை விளம்பரம்தானா?” என்று கேட்கிறார்.

அறிவியல் உண்டு. ஆனால் விளம்பரங்களில் அதைத் தேடினால் கிடைக்காது. சில வாரங்களில் லண்டன்காரர்போலப் பேசவைப்பதாகச் சொல்கிறவர்கள் மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். வாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குறிப்பாக, ஓர் ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் அதிலுள்ள மற்ற உயிரொலிகள் என்ன ஆகும் என்பது முடிவாகிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி தூரம் வந்தாயிற்று.

குரல்நாண்களிலிருந்து உதடு வரைக்கும், வளர்ந்த ஆணுக்கு, ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் இருக்கிறது. குரல்நாண் பக்கம் மூடியது, உதட்டுப் பக்கம் திறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுனை மூடிய குழாயின் ஒத்ததிர்வைப் பள்ளியில் எல்லோரும் கணக்குப் போட்டிருப்போம். அலைநீளத்தில் கால் பங்கு குழாய்க்குள் அடங்கும்போது முதல் ஒத்ததிர்வு. உடலுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று எடுத்தால், 350ஐ 0.70ஆல் வகுக்க வேண்டும்: 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை அதன் ஒற்றைப்படை மடங்குகள்: 1,500, 2,500.

இப்போது நாக்கை எங்கேயும் தூக்காதீர்கள். உதட்டைக் குவிக்க வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். தாடையைத் தளர்த்திச் சும்மா குரல் கொடுங்கள். வருகிற ஒலி ஏறத்தாழ அந்த 500, 1,500, 2,500தான். ஆங்கிலத்தில் ‘அபவுட்’ என்ற சொல்லின் முதல் அசை அது. ஒலியியலார் அதை ஷ்வா என்பார்கள். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலியும் இதுவே. காகிதத்தில் மூன்று வரிக் கணக்கில் கிடைக்கிற ஒலியும், கோடிக்கணக்கானவர்கள் நாள் முழுவதும் எழுப்புகிற ஒலியும் ஒன்றாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மற்ற உயிரொலிகள் எல்லாம் இந்த நடுநிலையிலிருந்து விலகிப் போனவை. நாக்கின் முன்பகுதி எழும்பி அண்ணத்தை நெருங்கினால் முதல் ஒத்ததிர்வு 270க்கு இறங்கும், இரண்டாவது 2,290க்கு ஏறும். காதுக்கு ‘ஈ’ என்று கேட்கும். நாக்கு தாழ்ந்து பின்வாங்கினால் 730, 1,090 ஆகி ‘ஆ’. உதடு குவிந்து நாக்கின் பின்பகுதி எழுந்தால் 300, 870 ஆகி ‘ஊ’. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பீட்டர்சன், பார்னி இருவரும் 76 பேரின் குரலை அளந்து 1952இல் வெளியிட்ட கட்டுரையில் ஆண்களுக்கு வந்த சராசரிகள் இவை. குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பது வேறு விஷயம். அது குரலின் சுருதி. வாயின் வடிவம் உயிரொலியைப் பார்த்துக்கொள்ள, சுருதி தன்பாட்டுக்கு ஏறி இறங்கலாம். ‘ஆ’ என்ற ஒரே உயிரில் பாடகர் ராகம் முழுவதையும் ஆலாபனை செய்ய முடிவது அதனால்தான்.

வரலாற்றையும் ஒரு பத்தியில் சொல்லிவிட வேண்டும். 1780 வாக்கில் கிராட்சென்ஸ்டைன் என்பவர் ஐந்து உயிரொலிகளை எழுப்பும் ஐந்து குழாய்களைச் செய்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் ஒத்ததிர்வு விளக்கத்தை உறுதிப்படுத்தினார். ஜப்பானில் சிபாவும் கஜியாமாவும் 1941இல், ஸ்வீடனில் குன்னர் ஃபான்ட் 1960இல் அதை முழுக் கோட்பாடாக்கினார்கள். வாசகரின் மகளுக்கு இவற்றில் எதுவும் நேர்காணலில் உதவப் போவதில்லை என்பதால் மேலே போகிறேன்.

அழுத்தம் என்றதும் பலர் அந்த அசையில் குரலை உயர்த்திக் கத்துகிறார்கள். பயிற்சி வகுப்புகளிலும் அப்படித்தான் மேசையைத் தட்டிக் காட்டுகிறார்கள். டென்னிஸ் ஃப்ரை என்ற ஆங்கில ஒலியியலாளர் 1955இல் இதைச் சோதித்தார். ‘ஆப்ஜெக்ட்’ என்ற சொல் முதல் அசையில் அழுத்தினால் பொருள், இரண்டாம் அசையில் அழுத்தினால் மறுத்துரைத்தல். இத்தகைய சொற்களைச் செயற்கையாக உண்டாக்கி, அசையின் நீளத்தையும் உரப்பையும் தனித்தனியே மாற்றிக் கேட்கவைத்தார். காது நீளத்துக்குத்தான் அதிகம் மசிந்தது. உரப்புக்கு அவ்வளவாக இல்லை. 1958இல் சுருதியையும் மாற்றிப் பார்த்தார்; அது இன்னும் வலுவாக இருந்தது. ஆக, அழுத்த அசை என்பது நீண்டு, சுருதி அசைந்து, உயிரொலி முழுமையாக ஒலிக்கும் அசை. கத்த வேண்டிய தேவையே இல்லை.

அழுத்தம் விழாத அசைக்கு என்ன ஆகிறது? அதற்குக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. நாக்கு ஒரு தசைப் பிண்டம். அதற்கு எடை உண்டு, நினைத்த மாத்திரத்தில் பாய முடியாது. போக வேண்டிய இடத்தை நோக்கிக் கிளம்புகிறது, எட்டுவதற்குள் அடுத்த ஒலியின் அழைப்பு வந்துவிடுகிறது, பாதியில் திரும்புகிறது. ஸ்வீடிஷ் மொழி உயிரொலிகளை அளந்து 1963இல் ஜோர்ன் லிண்ட்ப்ளோம் இதைக் காட்டினார்: உயிரொலி குறுகக் குறுக, அதன் ஒத்ததிர்வுகள் இலக்கை எட்டாமலே நின்றுவிடுகின்றன.

நம் ஊர்ப் பஸ்ஸை வைத்து இதைச் சொல்லலாம். தமிழ் பேசும் நாக்கு டவுன் பஸ். எந்த நிறுத்தமானாலும் போய் நின்று ஆளை இறக்கிவிட்டுத்தான் கிளம்பும். ஆங்கிலம் பேசும் நாக்கு நெடுந்தூர பஸ். பெரிய ஊரில் பஸ் நிலையத்துக்குள் நுழைந்து, நின்று, டீ குடித்துவிட்டுக் கிளம்பும். அது அழுத்த அசை. நடுவிலிருக்கும் சின்ன ஊர்களுக்கெல்லாம் விலக்கில் ஒரு மிதி, அவ்வளவுதான். ஊர் சாலைக்கு வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் பயணி இறங்குவது அதே நெடுஞ்சாலை ஓரத்தில். அப்படித்தான் ‘அபவுட்’டின் ஏ, ‘டேக்கன்’னின் இரண்டாம் அசையிலுள்ள இ, ‘பாசிபிள்’ளின் நடுவிலுள்ள ஐ, ‘லெமன்’னின் ஓ, ‘சர்க்கஸ்’ஸின் யூ என்று ஐந்து ஆங்கில எழுத்தும் ஷ்வா என்ற ஒரே சாலையோரத்தில் இறங்கிவிடுகின்றன. சொல்லின் வால் மாறினால் தடமே மாறும். ‘போட்டோகிராஃப்’ என்ற சொல்லில் முதல் அசை பஸ் நிலையம், இரண்டாவது விலக்கு. ‘போட்டோகிராஃபர்’ ஆகும்போது இரண்டாவது பஸ் நிலையமாகி முதலாவது விலக்காகிவிடுகிறது. ‘போட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவது அசையில்தான் பஸ் நிற்கும். நேரமில்லாததால் மட்டும் ஊருக்குள் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலேயர் மெதுவாகப் பேசும்போதும் ‘அபவுட்’டின் முதல் அசை ஷ்வாவாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் நேரக் குறைவால் வந்த பழக்கம் இன்று அந்த பஸ்ஸின் ரூட் பர்மிட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

கேட்கிறவர் அந்த பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருக்கும் பயணி. வண்டி முழுதாக நின்றால்தான் ‘ஊர் வந்துவிட்டது’ என்று கண் விழிப்பார். இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் ஆங்கில உரையாடல்களை எண்ணிப் பார்த்தபோது, பொருளுடைய சொற்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு முழு உயிரொலி கொண்ட அசையில் தொடங்கின. தொடர்ந்து வந்த சோதனைகளில், கேட்பவரின் மூளை முழு அசை வரும்போதெல்லாம் புதிய சொல் தொடங்குகிறது என்று கணிப்பது தெரிந்தது. நாம் எல்லா அசையையும் முழுதாக ஒலித்தால் அவருக்கு ஒவ்வோர் அசையிலும் ஒரு புதுச் சொல் தொடங்குவதுபோல இருக்கும். ‘டெவலப்மெண்ட்’, ‘ஈவெண்ட்’, ‘கமிட்டி’, ‘ஹோட்டல்’ நான்கையும் நாம் முதல் அசையில் ஊன்றுகிறோம்; ஆங்கிலத்தில் நான்குக்கும் இரண்டாம் அசையில்தான் அழுத்தம். இந்தியர் பேசும் ஆங்கிலம் எந்த அளவுக்குப் புரிகிறது என்று ஆராய்ந்து ஆர்.கே. பன்சல் 1969இல் வெளியிட்ட நூலும் சொல்லழுத்தம் இடம் மாறுவதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கிறவரைக் குறைசொல்ல முடியாது.

உயிரொலியை முழுதாக ஒலிக்காமல் விடுவது தமிழருக்கு வராத வித்தையும் இல்லை. ‘பசு’ என்று சொல்லும்போது உதடு குவிகிறது. ‘பஞ்சு’ என்னும்போது அப்படிக் குவிவதில்லை. இப்படிக் குறுகிய உகரத்துக்கு, அதாவது குற்றியலுகரத்துக்கு, அரை மாத்திரைதான் என்று தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. ஐகாரம் குறுகுவதையும் நம் இலக்கணம் தனியே பேசுகிறது. தமிழில் அந்தக் குறுக்கம் உயிர் சொல்லில் எங்கே நிற்கிறது, பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் அழுத்தத்தைப் பொறுத்தது. ‘பஞ்சு’வின் கடைசி உயிரை எவ்வளவு சிக்கனமாக விடுகிறோமோ அவ்வளவு சிக்கனமாக ‘அபவுட்’டின் முதல் உயிரை விட்டால் போதும்.

குரலின் ஏற்ற இறக்கத்தில் கற்க வேண்டியது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ‘நான்தான் கேட்டேன்’, ‘நேற்றுதான் கேட்டேன்’ என்று நாம் ஒட்டு வைத்துச் சொல்வதை ஆங்கிலம் சுருதியால் சொல்கிறது. ‘ஐ ஆஸ்க்டு யெஸ்டர்டே’ என்பதில் ‘ஐ’ மீது சுருதி குதித்தால் நான்தான். ‘யெஸ்டர்டே’ மீது குதித்தால் நேற்றுதான். எது முக்கியமோ அங்கே சுருதியை அசைக்கத் தெரிந்தால் நேர்காணலுக்குப் போதும். ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு வளைகோடு போட்டுக் காட்டும் பாடங்களை நான் நம்புவதில்லை.

வகுப்புகளில் அடிபடும் வேறு சில எண்களையும் நம்ப வேண்டாம். பேச்சில் சொற்களுக்கு 7 விழுக்காடு, தொனிக்கு 38, உடல்மொழிக்கு 55 என்பார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் ஒற்றைச் சொற்களைக் கேட்கவைத்து, பேசுகிறவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகளில் பிறந்தவை அவை. பொதுவான பேச்சுக்குப் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அழுத்த அசைகள் கடிகாரம்போலச் சம இடைவெளியில் விழும் என்பது இன்னொன்று. கருவிகள் வைத்து அளந்தவர்களுக்கு அந்தச் சம இடைவெளி கிடைக்கவில்லை.

செயலி போடும் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். இத்தகைய செயலிகள் பெரும்பாலும் உங்கள் ஒலியைத் தமக்குப் பழக்கிய குரல்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கணிக்கின்றன. கேட்கிற மனிதருக்குப் புரிந்ததா என்பது வேறு கேள்வி. கனடாவில் மன்ரோவும் டெர்விங்கும் 1995இல், சீன மொழி பேசுவோரின் ஆங்கிலத்தை வைத்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். வேற்றுமொழிச் சாயல் பலமாகத் தெரிந்த பேச்சையும் கேட்டவர்கள் ஒரு சொல் விடாமல் எழுதிக் காட்டினார்கள். உங்கள் மகளின் ஆங்கிலத்தில் தருமபுரி கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

பயிற்சியைக் காதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிசோனியின் குழு, ஜப்பானியருக்குக் குழப்பம் தரும் இரண்டு ஆங்கில மெய்யொலிகளைப் பல பேர் குரலில் கேட்கவைத்துப் பழக்கியது. கேட்பது தெளிந்தது, பேசச் சொல்லித்தராமலே பேச்சும் ஓரளவு தெளிந்ததை 1997இல் வெளியிட்டார்கள். உயிரொலிகளுக்கும் இந்த முறை பலன் தருவதாகப் பிறகு பலர் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஆசிரியரின் குரலை நூறு முறை கேட்பதைவிடப் பலருடைய குரலைக் கேட்பது நல்லது என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

ஆகவே வாசகருக்கு என் பதில் இது. முதலில் சொல்லழுத்தம், கூடவே ஷ்வா. ‘பேட்’–‘பெட்’, ‘ஹாட்’–‘ஹார்ட்’ போன்ற உயிரொலி இணைகள் அதற்கு அடுத்து. வேலைக்கு வேண்டிய ஐம்பது சொற்களை உங்கள் மகளே பட்டியலிடட்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளின் இணையதளத்தில் ஒவ்வொரு சொல்லையும் பார்த்தால், அழுத்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். ஷ்வா வரும் இடத்தில் ஆங்கிலச் சின்ன ‘இ’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல ஒரு குறி இருக்கும். அந்த இரண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் ஒலிப்பதிவைக் கேட்டு, அழுத்த அசையை நீட்டி மற்றதைச் சிக்கனமாக விட்டுப் பழகட்டும். தன் குரலின் ஒத்ததிர்வுகளைத் திரையில் பார்க்க விரும்பினால் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பிராட் என்ற மென்பொருள் இருக்கிறது. அகராதியும் சரி, மென்பொருளும் சரி, இரண்டுமே இலவசம். செயலிக்குக் கட்டும் மாதச் சந்தாவை நிறுத்திவிடலாம்.