நம்பர் ஒண்ணு, போர்டு வேற! டவுன் பஸ்சில் தினமும் டிக்கெட் தகராறு

சென்னை டவுன் பஸ்களில் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயதானவர்கள் என்று பலருக்கும் சலுகை இருக்கிறது. ஆனால் எந்தச் சலுகை எந்த பஸ்சில் செல்லும் என்று தெரியாமல் பயணிகள் படும் பாடும், அதற்காகக் கண்டக்டர்கள் வாங்கும் வசவும் கொஞ்சநஞ்சம் அல்ல.

மாலை 6 மணி. அண்ணா சாலையில் ஒரு பஸ் ஸ்டாப். ஆபீஸ் விட்ட கூட்டம் ரோடு வரைக்கும் வழிகிறது.

ஒரு பஸ் வருகிறது. அது நிற்பதற்குள் நாற்பது பேர் பாய்கிறார்கள். கையில் ஒயர் கூடையோடு ஒரு அம்மாளும் முண்டியடித்து ஏறிவிடுகிறார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வீடு திரும்புகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

"லேடீஸ் டிக்கெட் ஒண்ணு குடு தம்பி" என்று கையை நீட்டுகிறார்.

"இது சொகுசு பஸ்மா. காசு குடுத்துத்தான் டிக்கெட் எடுக்கணும். வேணாம்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்குங்க" என்கிறார் கண்டக்டர்.

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "காத்தால ஃப்ரீயாத்தானே வந்தேன்? இதே நம்பர்தானே?" என்கிறார்.

நம்பர் அதேதான். ரூட்டும் அதேதான். போர்டுதான் வேறு!

பேச்சை வளர்க்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். இனி சாதாரண கட்டண பஸ் எப்போது வரும்? அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை.

சலுகை யாருக்கு?

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒருநாள் இந்த அனுபவம் வந்திருக்கும். ஆகவே முதலில் கணக்கைத் தெரிந்து கொள்ளுங்கள்.

பெண்கள்:- 2021 மே 8-ந் தேதி முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் காசு கிடையாது. கார்டு காட்ட வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவரா, கோவிலுக்குப் போகிறவரா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வருகிற ஒருவருக்கும் இதே சலுகை வந்தது. 'விடியல் பயணம்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

குழந்தைகள்:- 5 வயது வரை டிக்கெட் இல்லை. 2022-ல் வந்த மாற்றம் இது. அதற்கு முன்பு 3 வயது தாண்டினாலே அரை டிக்கெட். இப்போதும் "பையனுக்கு என்ன வயசு?" என்று கண்டக்டர் கேட்க, அம்மா ஒரு வயதும் பையன் ஒரு வயதும் சொல்லி, பஸ்சே சிரிக்கிற காட்சி உண்டு!

பள்ளி மாணவர்கள்:- இலவச பாஸ். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது புது பாஸ் கைக்கு வந்திருக்காது. அதுவரை யூனிபாரம், இல்லாவிட்டால் பழைய பாஸ் போதும் என்று வருஷா வருஷம் அறிவிப்பு வருகிறது.

மூத்த குடிமக்கள்:- சென்னைவாசியாக இருந்து 60 வயது நிறைந்திருந்தால் மாதம் 10 டோக்கன். 2016 பிப்ரவரியில் ஆரம்பித்தது.

தினமும் நாலு பஸ் மாறுகிறவர்களுக்கு 1,000 ரூபாய் மாத பாஸ் இருக்கிறது. இது ஏ.சி. பஸ்சில் செல்லாது. ஏ.சி. பஸ்சிலும் போக வேண்டும் என்றால் 2025 மார்ச்சில் வந்த 2,000 ரூபாய் பாஸ் எடுக்க வேண்டும்.

பட்டியலைப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. பிறகு எங்கே சிக்கல்?

போர்டில் சிக்கல்

பெண்களுக்கான இலவசம் எல்லா பஸ்சிலும் கிடையாது. சாதாரண கட்டண பஸ்சில் மட்டும்தான். 'விரைவு', 'சொகுசு', 'ஏ.சி.' என்று போர்டு இருந்தால் ஆண், பெண் எல்லாருக்கும் காசுதான்.

ஒரே ரூட்டில், ஒரே நம்பரில் சாதாரண பஸ்சும் ஓடும், சொகுசு பஸ்சும் ஓடும். பழகிய நம்பரைப் பார்த்ததும் கால் தானாக ஏறிவிடுகிறது. உள்ளே போன பிறகுதான் சங்கதி தெரிகிறது.

இந்தக் குழப்பம் தீரட்டும் என்றுதான் 2022 ஆகஸ்டில் சாதாரண பஸ்களின் முன்பக்கமும் பின்பக்கமும் பிங்க் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். தூரத்தில் வரும்போதே தெரியும் என்பது எண்ணம். பகலில் தெரிகிறது. ஆனால் இருட்டிய பிறகு ஹெட்லைட் வெளிச்சம் கண்ணைக் கூச, முன்னால் இருபது தலை மறைக்க, வயதான அம்மாள் பெயிண்டைப் பார்ப்பாரா, படியைப் பார்ப்பாரா?

போர்டு வைத்துக் காசு வாங்குவது சென்னைக்குப் புதிது அல்ல. எல்.எஸ்.எஸ். என்று மஞ்சள் போர்டு வந்தது. 'எம்' சர்வீஸ் வந்தது. எக்ஸ்பிரஸ் வந்தது. டீலக்ஸ் வந்தது. ஒவ்வொரு போர்டுக்கும் ஒவ்வொரு ரேட்.

2018 ஜனவரி 20-ந் தேதி பஸ் கட்டணம் ஏறியது. காலேஜ் மாணவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். 29-ந் தேதி கொஞ்சம் குறைத்தார்கள். கட்டணம் ஏறினால் ஊரே சத்தம் போடுகிறது. ஆனால் சாதாரண போர்டு வர வேண்டிய நேரத்தில் சொகுசு போர்டு வந்தால் யாரும் சத்தம் போடுவதில்லை. முணுமுணுத்துக்கொண்டே பர்சைத் திறக்கிறார்கள். ஏழைக்கு இதுவும் கட்டண உயர்வுதானே?

காசா, நேரமா?

வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு போக ஒரு பஸ், வர ஒரு பஸ். அந்தக் காசு மிச்சமானால் பால் பாக்கெட்டுக்கு ஆகும். பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம். சாதாரண பஸ்சில் பெண்கள் கூட்டம் நெரிவதைப் பார்த்தாலே இந்தத் திட்டத்தின் அருமை புரியும்.

ஆனால் அந்த பஸ்சுக்காக அரைமணி நேரம் நிற்க வேண்டி வந்தால்?

காலையில் லேட்டாகப் போனால் வீட்டுக்கார அம்மாவிடம் திட்டு. துணிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு சம்பளத்தில் பிடித்தம். மாலையில் லேட்டானால் வீட்டில் அடுப்பு எரியாது. காசு மிச்சம், நேரம் நஷ்டம். சில நாள் அவசரத்துக்கு சொகுசு பஸ்சில் ஏறிவிட்டால் காசும் நஷ்டம்.

பூஜ்யம் ரூபாய் டிக்கெட்

"காசுதான் இல்லையே, டிக்கெட் எதுக்கு?" என்று சில பெண்கள் கேட்கிறார்கள்.

அவசியம் வேண்டும். இலவசம் என்றாலும் அதற்கும் ஒரு டிக்கெட் உண்டு. அதைக் கேட்டு வாங்கி இறங்கும் வரை கையில் வைத்திருங்கள். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. நீங்கள் கொடுக்காத காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறது. சீட்டு கிழிக்காவிட்டால் கணக்கு உதைக்கும். கண்டக்டர் மாட்டிக்கொள்வார்.

தாத்தாவின் டோக்கன்

மாதம் 10 டோக்கன் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு டோக்கனுக்கு ஒரு பயணம். போய்வர இரண்டு. ஆக மாதம் 5 தடவைதான் வெளியே போய் வரலாம். வழியில் பஸ் மாற வேண்டியிருந்தால் அதுவும் குறையும். ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நடை போகிறவருக்கு இதுவே சரியாகப் போய்விடும்.

டோக்கனை ஆறு மாதத்துக்குச் சேர்த்து 60 ஆகக் கொடுக்கிறார்கள். டெப்போவிலும் சில பஸ் நிலையங்களிலும் ரேஷன் கார்டு நகல், வயது சான்று, போட்டோவோடு போய் வாங்க வேண்டும். ஏ.சி. பஸ்சில் இந்த டோக்கன் செல்லாது. இது தெரியாமல் ஏ.சி. பஸ்சில் ஏறி, சட்டைப் பையிலிருந்து பத்திரமாக எடுத்து நீட்டும் பெரியவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

சில்லறை இல்லை!

சலுகை இல்லாத பயணிக்கு மட்டும் நிம்மதியா? அவருக்குச் சில்லறைத் தொல்லை.

முதல் டிரிப்பிலேயே நூறு ரூபாய் நோட்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டு. கண்டக்டர் என்ன செய்வார்? டிக்கெட்டின் பின்னால் பாக்கித் தொகையை எழுதிக் கொடுப்பார். "இறங்கும்போது வாங்கிக்குங்க" என்பார். கூட்டத்தில் நீங்கள் முன் வாசலில் இறங்கிவிடுவீர்கள். அவர் பின் வாசலில் இருப்பார். விசில் ஊதிவிடும். பாக்கி போனது போனதுதான்.

இதற்கும் ஒரு வழி வந்தது. 2024-ல் கண்டக்டர்கள் கையில் புது டிக்கெட் மெஷின் கொடுத்தார்கள். போனில் காசு அனுப்பலாம், கார்டைத் தேய்க்கலாம். 2025 ஜனவரியில் மெட்ரோ ரெயிலுக்கும் பஸ்சுக்கும் செல்லும் 'சிங்கார சென்னை' கார்டு பஸ்களில் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற ஆப் வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் மூன்றுக்கும் போனிலேயே டிக்கெட்!

நல்ல காரியம்தான். ஆனால் ஓடுகிற பஸ்சில் சிக்னல் சில இடத்தில் விழுகிறது, சில இடத்தில் விழவில்லை. "காசு போயிடுச்சு சார்" என்று பயணி போனைக் காட்டுவார். "எனக்கு வரலையே சார்" என்று கண்டக்டர் மெஷினைக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சண்டை!

செக்கர் ஏறினால்...

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1988-ம் வருஷ மோட்டார் வாகன சட்டத்தின் 178-வது பிரிவுப்படி டிக்கெட்டோ பாஸோ இல்லாமல் பயணம் செய்தால் 500 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று. காசு கொடுத்தும் டிக்கெட் கொடுக்காத கண்டக்டருக்கும், குறைந்த மதிப்புள்ள டிக்கெட்டைக் கொடுக்கிற கண்டக்டருக்கும் அதே பிரிவில் அதே 500 ரூபாய் வரை அபராதம் உண்டு!

அதனால் ஏறியதும் டிக்கெட் எடுத்து விடுங்கள். கூட்டத்தில் கண்டக்டர் வரட்டும் என்று காத்திருந்தால், அவருக்கு முன்னால் செக்கர் வந்துவிடலாம். டிக்கெட்டில் உள்ள ஸ்டேஜைத் தாண்டிப் போகாதீர்கள். "தூங்கிட்டேன் சார்" என்று சொன்னால் செக்கர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். வாங்கிய சீட்டைக் காதில் சொருகுவது, சுருட்டி வாட்ச்சில் செருகுவது எல்லாம் பழைய வழக்கம். மெஷின் சீட்டு மெல்லியது. வேர்வையில் எழுத்து அழிந்துவிடும். சட்டைப் பையில் வையுங்கள்.

கண்டக்டர் பாடு

கண்டக்டரைத் திட்டுவது சுலபம். அவர் நிலைமையையும் பாருங்கள்.

எந்த பஸ்சுக்கு எந்த போர்டு என்று முடிவு செய்வது அவர் அல்ல. எந்த ரேட் என்பதும் அவர் கையில் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பதில் சொல்கிறவர் அவர்தான். கூட்டத்தில் நுழைந்து டிக்கெட் கொடுக்க வேண்டும், படியில் தொங்கும் பையன்களை உள்ளே இழுக்க வேண்டும், விசில் ஊத வேண்டும். டியூட்டி முடிந்து கலெக்ஷன் கட்டும்போது குறைந்தால் கைக்காசு. செக்கிங்கில் ஒரு ஆள் டிக்கெட் இல்லாமல் அகப்பட்டால் அவருக்கும் விசாரணை.

காசு இல்லாத பயணிக்கும், அதிகாரம் இல்லாத கண்டக்டருக்கும்தான் தினமும் சண்டை. இவர்களை மோத விட்டவர் எவரும் அந்த பஸ்சில் இல்லை!

என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே "இது சொகுசு பஸ், காசு டிக்கெட்" என்று கண்டக்டர் ஒரு குரல் கொடுத்தால் பாதி தகராறு தீர்ந்தது. பின் வாசல் படியருகே, கண்ணுக்கு எதிரே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. முன் கண்ணாடி போர்டு மட்டும் போதாது.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்த வழியாகச் சாதாரண கட்டண பஸ் எந்தெந்த நேரம் வரும் என்று ஒரு தகரப் பலகை வைக்கட்டும். பஸ் எங்கே வருகிறது என்று ஆப்பில் பார்க்கலாம்தான். ஒயர் கூடை அம்மாளிடம் இருப்பது பட்டன் போன்!

முக்கியமாக காலை 8 மணியிலிருந்து 10 மணி வரையும், மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரையும் சாதாரண பஸ்கள் கூடுதலாக வர வேண்டும். சலுகை தேவைப்படுகிறவர்கள் ரோட்டில் நிற்கிற நேரம் அதுதான்.

அன்று மாலை அந்த அம்மாள் இறங்கிய ஸ்டாப்பில் நாமும் இறங்கினோம். அடுத்தடுத்து இரண்டு பஸ் வந்தது. இரண்டும் சொகுசு. மூன்றாவதாகத் தூரத்தில் ஒன்று தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தம்பி, அது பிங்க் கலரா பாரு?" என்று நம்மிடம் கேட்டார்.

பிங்க் கலர்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படியில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தது.