அரைக் கோப்பைத் தேநீர்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். ஆறு பிள்ளைகள், ஒரு பெண். கணவருடைய சொல்லையும் மீறக்கூடாது. குழந்தைகள் முகமும் வாடக்கூடாது. ஒருத்தி எப்படித்தான் சமாளிப்பாள்? "இதென்ன அதிசயம், எங்கள் வீட்டுக் கதைதானே!" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். இந்த அம்மாள் ஒரு வெள்ளைக்காரி. கணவரோ பாகிஸ்தான் முஸ்லிம். வசிப்பது இங்கிலாந்தில், மான்செஸ்டரை ஒட்டிய ஸால்ஃபோர்டில். பிழைப்புக்கு மீன் வறுவல் கடை.

1999-ல் வெளிவந்த 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' என்ற ஆங்கிலப் படத்தின் குடும்பம் இது. ஸால்ஃபோர்டில் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்திலேயே பிறந்து வளர்ந்த அயூப் கான் தீன், முதலில் இதை நாடகமாக எழுதினார். 1996-ல் அது மேடையேறியது. படத்தில் தகப்பனார் ஜார்ஜ் கானாக வருகிறவர் நம் ஓம் புரி. தாயாராக லிண்டா பாஸெட்.

ஆரம்பமே அமர்க்களம்! குழந்தைகள் கிறிஸ்தவர்களின் ஊர்வலத்தில் சிலுவை ஏந்திக் குஷியாகப் போகிறார்கள். மசூதிக்குப் போன தகப்பனாரோ சீக்கிரமே திரும்பிவிடுகிறார். தாயார் ஓடிவந்து எச்சரிக்க, அத்தனை பேரும் சட்டென்று வேறு சந்தில் புகுந்து மறைகிறார்கள். அவர் இல்லாத நேரத்தில் வீட்டில் பன்றி இறைச்சி பொரிகிறது. என்ஜினீயருக்குப் படிப்பதாக அவர் நம்பும் பிள்ளை உண்மையில் பயில்வது சிற்பக் கலை. எல்லா ரகசியங்களுக்கும் பூட்டும் சாவியும் அம்மாதான்!

நாம் சிரிக்கிறோம். ஆனால் மூத்த பிள்ளை மணப்பந்தலிலிருந்தே ஓடிப்போகிறபோது சிரிப்பு நின்றுவிடுகிறது. "அவன் செத்துவிட்டான்" என்று தலைமுழுகுகிறார் தகப்பனார். அதோடு விட்டாரா? அடுத்த இரு பிள்ளைகளுக்கு, அவர்களைக் கேளாமலே பெண் நிச்சயம் செய்கிறார்.

ஜார்ஜ் கான் கல்நெஞ்சக்காரரா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர் கப்பலேறிய 1937-ல் பாகிஸ்தான் என்றொரு நாடே கிடையாது. கதை நடக்கும் 1971-லோ அந்த நாடு இரண்டாக உடைகிறது. இருக்கும் ஊரில், குடியேறியவர்களுக்கு எதிராக 1968-ல் முழங்கிய ஈனாக் பவல் என்ற அரசியல்வாதியின் படத்தை எதிர்வீட்டுக்காரர் ஒட்டி வைக்கிறார். சொந்த ஊர் தூரம்; வந்த ஊர் விரோதம். பிள்ளைகளும் கைநழுவிப் போனால் தமக்கென்று என்ன மிஞ்சும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் கோபமாக மாறுகிறது. ஒருநாள் கை ஓங்குகிறது. மகன்மேலும் விழுகிறது, மனைவிமேலும் விழுகிறது.

சகோதரிகளே, இதற்கு மதத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. மணமக்களின் சம்மதம் கேட்டே நிக்காஹ் நடத்தும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. பெரியவர்கள் வரன் பார்ப்பதும் தப்பில்லை. கேளாமல் முடிப்பதுதான் தப்பு. கட்டாயக் கல்யாணம் குற்றம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-ல் சட்டமே வந்துவிட்டது.

இந்தக் கதையின் தொடர்ச்சியாக 2010-ல் 'வெஸ்ட் இஸ் வெஸ்ட்' வந்தது. அதில் ஜார்ஜ் கான் கடைசிப் பிள்ளையுடன் பாகிஸ்தான் கிராமத்துக்குப் போகிறார். அங்கே, முப்பது வருஷங்களுக்குமேல் அவர் திரும்பிப் பாராத முதல் மனைவி இருக்கிறாள். பின்னாலேயே ஸால்ஃபோர்டு மனைவியும் வந்து சேருகிறாள். இருவருக்கும் பொது பாஷை கிடையாது. அவரவர் பாஷையில் பேசுகிறார்கள். ஆனாலும் ஒருத்தி மனசு மற்றவளுக்குப் புரிந்துவிடுகிறது! ஒரே மனிதரின் பிடிவாதத்துக்கு இருவருமே விலை கொடுத்தவர்கள் அல்லவா?

முதல் படத்தின் முடிவுக்கு வருவோம். தாய்மேல் பாய்ந்த தகப்பனைப் பிள்ளைகளே தடுத்துவிடுகிறார்கள். அவமானத்தோடு கடையில் உட்கார்ந்திருக்கிறார் அவர். தேநீர் வேண்டுமா என்று கேட்கிறாள் மனைவி. வழக்கம்போல் அரைக் கோப்பை போதும் என்கிறார். அந்த வீட்டில் சமாதானம் அவ்வளவுதான், அரைக் கோப்பை!

மீதி அரைக் கோப்பையை யார் நிரப்புவது? இத்தனை காலம் அம்மாதான் நிரப்பி வந்தாள், பொய் சொல்லியும் அடி வாங்கியும். இனி அப்பா நிரப்பட்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அதற்குக் கப்பலேற வேண்டியதில்லை; கூடத்திலிருந்து குரல் கொடுத்தால் போதும்!