முகத்தில் அரம் வைக்கலாமா?

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு நாள் மஃக்ரிபு தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பெண் பார்க்க வந்தவர்கள் மகளுக்குத் தாடை அகலம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகுமாம். நிலத்தை விற்றாவது செய்யலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

விடை கூறுமுன் அச்சிகிச்சை யாதென அறிதல் வேண்டும். மருத்துவர்கள் இன்று ஸ்கேன் படத்தின் மூலம் தாடையின் வடிவத்தை எல்லாப் பக்கமும் அளந்து கொள்கின்றனர். பின்னர் வாயின் உட்புறமாகவே கீறி, காதுக்குக் கீழேயுள்ள தாடைக் கோணத்தைச் சிறு இரம்பத்தாலோ நுண்ணதிர்வுக் கருவியாலோ செதுக்குகின்றனர். வெளியே தழும்பு தெரிவதில்லை. எலும்பன்றி, மெல்லும் தசையே தடித்திருந்தால் ஊசிமருந்தால் சுருக்குவதும் உண்டு. அதன் பயன் சில மாதங்களே.

ஆயினும் கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்வூட்டும் நரம்பு அவ்வெலும்பினுள்தான் ஓடுகிறது. அது ஊறுபட்டால் உதடு மரத்துப்போகும்; சிலருக்கு அவ்வுணர்வு மீள்வதேயில்லை. நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி தகட்டை அளவுக்கு மீறி அராவிவிட்டால் வேறு தகடு எடுத்துக்கொள்வார். செதுக்கிய எலும்பை அவ்வாறு மாற்ற இயலுமா?

மார்க்கம் மருத்துவத்திற்குப் பகையன்று. போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு அமைத்தார்கள். அதில் துர்நாற்றம் வீசவே, பொன்னால் அமைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே அங்கு ஆகுமாயிற்று! 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இவ்வழியே தீர்மானித்தது. பிறவிக் குறை, நோய், விபத்து ஆகியவற்றால் நேர்ந்த கேட்டைச் சீர்செய்தல் கூடும்; இயல்பான முகத்தை மனவிருப்பத்திற்காகவும் பிறரைப் பார்த்தும் மாற்றுதல் கூடாது.

எனவே, சாலை விபத்தில் தாடை நொறுங்கிய இளைஞரும், பல்வரிசை பொருந்தாமல் மென்று உண்ண இயலாத பிள்ளையும் தயங்காது சிகிச்சை பெறலாம்.

அத்தந்தையிடம், "மகளால் உண்ண முடிகிறதா? பேச முடிகிறதா?" என்று வினவினேன்.

"எல்லாம் முடிகிறது, ஹஜ்ரத்."

"அப்படியானால் குறை யாரிடம் இருக்கிறது?"

அவர் கண்கலங்கினார். அப்பெண்ணின் வேதனை பொய்யன்று. ஆனால் அதற்கு மருந்து அவள் எலும்பில் இல்லை. பெண் பார்க்கச் செல்லும் தாய்மார்களே! தேநீர் அருந்தி எழும்போது நீங்கள் உதிர்க்கும் ஒரு சொல், நலமாயிருக்கும் ஒரு பிள்ளையை அறுவை மேசைவரை கொண்டு சென்றுவிடும். அல்லாஹ் அழகுற அமைத்த முகத்திற்குக் குறை கூறுமுன் நம் நாவை அடக்குவோமாக!