அக்கியும் இல்லை, அம்மையும் இல்லை... அப்போ என்ன கொப்புளம் இது?

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆகட்டும், வேறு எந்த ஊர் ஆகட்டும், உடம்பில் கொப்புளம் கண்டால் நம்மவர்கள் சொல்வது இரண்டில் ஒன்றுதான்: "அம்மை போட்டிருக்கு", இல்லாவிட்டால் "அக்கி". அம்மைக்கு வேப்பிலை, அக்கிக்குக் குயவர் வீட்டில் காவி எழுதுவது. இரண்டுமே பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்குபவை. நல்ல பெயர் என்னவோ காவிக்குத்தான்!

ஆனால் பெம்பிகஸ் வல்காரிஸ் தானாக அடங்காது. நோயை எதிர்க்க வேண்டிய நம் ரத்தத்து எதிர்ப்புப் பொருள்களே, தோல் செல்களைப் பசை மாதிரி ஒட்டிவைத்திருக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தைத் தாக்குகின்றன. ஒட்டு விட்டுப்போனால் கொப்புளம். யாருக்கும் தொற்றாது, தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை.

பலருக்கு இது வாயில்தான் ஆரம்பம். 'சூடு' என்று மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையுமாக மாதங்கள் ஓடிவிடும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கொப்புளம் தொளதொளவென்று எளிதில் உடைகிறதா என்று பார்ப்பார். (வயதானவர்களுக்கு விறைப்பாக, அரிப்போடு வந்தால் அது பெம்பிகாய்ட் என்கிற வேறு நோயாக இருக்கலாம்.) பக்கத்துத் தோலை விரலால் அழுத்தித் தள்ளினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும். புண்ணின் அடியைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒட்டு விட்ட செல்கள் உருண்டையாகத் தெரியும். செலவு அதிகமில்லாத சோதனை.

உறுதி செய்வது பயாப்ஸிதான். இரண்டு துண்டு எடுப்பார்கள். புதுக் கொப்புளத்தின் ஓரத்துத் துண்டு ஃபார்மலினில் போகும். கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலின் துண்டைத் தனித் திரவத்தில் அனுப்ப வேண்டும். இதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் எதிர்ப்புப் பொருளை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை வீண்! நோயாளிகளின் ரத்தத்தில் அந்தப் பொருள் இருப்பதை 1964-இல் அமெரிக்காவில் பியூட்னரும் ஜோர்டனும் கண்டார்கள்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா, மாதம் ஒருமுறை மூன்று நாள் மருந்து ஏற்றும் 'பல்ஸ்' முறையைக் கொண்டுவந்தார். இப்போது ரிடுக்ஸிமாப் ஊசியும் உண்டு.

சேந்தமங்கலத்துக்காரர்களுக்கு நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி (2022-இல் திறந்தது) பக்கம், இல்லையென்றால் சேலம். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டை, பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், திடீரென நிறுத்துவது ஆபத்து.