வெந்நீர்த் தொட்டியை மாற்றும் வேளையில்

குளியலறைச் சுவரிலே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வாய்திறவாது தொங்கிக்கொண்டிருந்த வெந்நீர்த் தொட்டி, ஒருநாட் காலையில் தரையெல்லாம் துருநீரைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. வீட்டிலே வயோதிபர் இருப்பர்; கைக்குழந்தை இருக்கும்; மலைநாடாயின் மார்கழிக் குளிர் வேறு. அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்று, விற்பனையாளர் முதலிற் காட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதே பெரும்பாலான குடும்பங்களின் வழக்கமாயிருக்கின்றது. அவசரத்தில் வாங்கிய அப்பொருளுடன் அடுத்த பத்தாண்டுகளும் காலந்தள்ள வேண்டியவர்கள் நாமே. ஆதலின், இவ்விஷயத்தைச் சற்று ஆற அமர ஆராய்வது நன்று.

முதலாவதாக, தொட்டி உண்மையில் மாண்டுவிட்டதா என்று பார்த்தல் வேண்டும். நீர் சுடவில்லை என்பதனால் மாத்திரம் தொட்டியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. உள்ளே நீரைச் சுடவைக்கும் வெப்பச்சுருளும், உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ராற் என்னும் கருவியும் தனித்தனியே மாற்றக்கூடியவை. அவற்றின் விலை புதுத் தொட்டியின் விலையில் ஒரு சிறு பங்கே. தொட்டியின் உடலே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால்தான் பரிகாரம் இல்லை. உருக்குத் தொட்டிகளைத் துருவிலிருந்து காப்பதற்காக மக்னீசியக் கோல் ஒன்று உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து அழிவதே அக்கோலின் பணி. ஈராண்டுக்கு ஒருமுறை அதனைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடும் வீடுகளில் தொட்டி நெடுங்காலம் உழைக்கும். இப்படியொரு கோல் இருப்பதை வாங்குவோருக்குக் கடைக்காரர் சொல்லுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

தொட்டியின் அடியிலே ஒரு சிறு வால்வு இருக்கும். நீர் சூடேறும்போது அதிலிருந்து துளித்துளியாகச் சொட்டும். இது பழுதன்று. 50 லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால், அது ஏறக்குறைய முக்கால் லீற்றர் விரிவடைகின்றது. விரிந்த நீர் எங்கேனும் செல்ல வேண்டுமன்றோ? இதை அறியாது, தரை நனைகின்றதே என்று வால்வின் வாயைக் குச்சியாலும் துணியாலும் அடைத்துவிடுவோர் உளர். இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை. தேமோஸ்ராற் பழுதாகி, வால்வும் அடைபட்டுப் போனால், பூட்டிய தொட்டிக்குள் நீர் 100 பாகைக்கும் மேலே சூடேறும். ஈற்றில் தொட்டி வெடிக்கும். சுவரையே தகர்க்கும் வலிமை அவ்வெடிப்புக்கு உண்டு. சொட்டும் நீரை ஏந்த ஒரு சிறு குழாயைப் பொருத்தி, வெளியே விட்டுவிடுவதே முறையான வழி.

இனி, எவ்வகையை வாங்குவது என்னும் வினா. இங்கேதான் ஊரையும் சுவாத்தியத்தையும் மறந்துவிடுகின்றோம். கொழும்பிலே பெருவழக்காயுள்ளது, நீர் ஓடும்போதே சுடவைக்கும் சிறிய சாதனமாகும். வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ கூரைத்தொட்டி நீர் இயல்பாகவே 28 பாகையளவில் இருக்கின்றது. குளிப்பதற்கு இதமான 40 பாகைக்கு அதனை உயர்த்த 12 பாகை போதும். 3.5 கிலோவாற் சாதனம் நிமிடத்துக்கு நான்கு லீற்றர் நீரை அவ்வளவுக்குச் சூடாக்கித் தரும். தலைக்கு ஊற்ற அது தாராளம்.

அதே சாதனத்தை ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டு சென்றாற் கதை வேறு. அதிகாலையில் குழாய்நீர் 14 பாகையில் இருக்கின்றது என்று கொள்வோம். 26 பாகை உயர்த்த வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு லீற்றருக்கும் குறைவாகவே வெந்நீர் கிடைக்கும். எமக்குத் தெரிந்த ஆசிரியர் குடும்பமொன்று இடமாற்றம் பெற்று மலையேறியபோது, கொழும்பு வீட்டுச் சாதனத்தையும் கழற்றிக்கொண்டு போயிற்று. பொருத்த வந்தவரிடம் அவ்வில்லத்தரசி குறை சொன்னபோது, அவர், "குழாயைக் கொஞ்சம் குறைச்சுத் திறவுங்கோ அம்மா, சுடும்" என்றாராம். சுட்டது மெய்தான். ஆனால் நூல்போல ஒழுகிய அந்நீரில் எழுபது வயதைத் தாண்டிய மாமியார் நடுங்கியபடி நின்றதுதான் கண்ட பலன்.

குளிர்ப் பிரதேசத்துக்குச் சேமிப்புத் தொட்டியே உகந்தது. அளவைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லிவிடுவோம். 30 லீற்றர் தொட்டியில் 60 பாகையிலுள்ள நீரை 16 பாகைத் தண்ணீருடன் கலந்தால், குளிக்கத்தக்க நீர் ஏறக்குறைய 55 லீற்றர் கிடைக்கும். வாளியில் மொண்டு குளிப்பவர்கள் இருவருக்கு அது போதும். நால்வர் அடுத்தடுத்துக் குளிப்பதாயின் 50 லீற்றராவது வேண்டும். அந்த 30 லீற்றரைச் சூடாக்க மின்சாரம் ஒன்றரை அலகு செல்லும். மாதத்தில் எவ்வளவு கூடுதலாகச் செலவிடுகின்றோமோ அவ்வளவுக்கு அலகின் விலையும் ஏறும் முறையே நம் நாட்டு வீடுகளுக்கு உள்ளதாகையால், இரவு பகலாகத் தொட்டியை எரியவிடாது, குளிப்பதற்கு முன் வேண்டிய நேரம் மட்டும் போட்டு அணைப்பது சிக்கனம்.

சூரிய வெப்பச் சாதனத்தைப் பற்றி விசாரிப்போர் இப்பொழுது பலர். 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அமுலிலிருந்ததைக் கண்டவர்களுக்கு அந்த எண்ணம் எழுவது இயல்பே. பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள நம் தீவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தட்டையான கண்ணாடிப் பலகையாயினும், வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களாயினும், சூடான நீர் தானாகவே மேலெழுந்து தொட்டியை அடைகின்றது, மோட்டார் வேண்டியதில்லை. ஆரம்பச் செலவோ அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில், நாட்கணக்கில் முகில் மூடியிருக்கும். அக்காலத்துக்கென மின் வெப்பச்சுருளும் கூடவே இருத்தல் அவசியம். தை மாசியில் நுவரெலியாவில் உறைபனி விழும் இரவுகளும் உண்டு. அங்கே தட்டையான பலகையிலும் வெற்றிடக் குழாய்களே மேல் என்பது எமது கருத்து.

யாழ்ப்பாணத்தார் வேறொன்றை நோக்க வேண்டும். சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் கிணற்றுநீர் கேத்தலின் அடியில் எவ்வாறு வெண்படிவைச் சேர்க்கின்றதோ, அவ்வாறே வெப்பச்சுருளிலும் சேர்க்கும். படிவு தடிக்கத் தடிக்க மின்சாரம் வீணாகும், சுருளும் எரியும். உண்மையைச் சொல்லின், பங்குனி சித்திரையில் மாலைவேளைக் கூரைத்தொட்டி நீரே போதிய சூடாயிருக்கும் ஊரில், குழந்தைக்கும் நோயாளிக்கும் அடுப்பில் ஒரு பானை நீர் வைப்பதே சாலும்.

எரிவாயுச் சாதனம் எமக்கு உடன்பாடன்று. 2021 இன் இறுதியில் வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்ததும், 2022 இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்றதும் ஒருபுறமிருக்க, காற்றோட்டமற்ற குளியலறையில் அது எரியும்போது மணமும் நிறமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு சேரக்கூடும். கதவைத் தாளிட்டுக் குளிப்பவர் அதை உணருமுன் மயங்கிவிடுவர்.

எதை வாங்கினாலும் மின்னிணைப்பிற் சிக்கனம் பார்த்தல் கூடாது. 13 அம்பியர் பிளக் 230 வோல்றில் தாங்குவது மூன்று கிலோவாற் வரைதான், 3.5 கிலோவாற் சாதனத்துக்குத் தனி வயரும் தனி சுவிற்சும் வேண்டும். ஏர்த் கம்பி மெய்யாகவே நிலத்தைத் தொடுகின்றதா என்று தேர்ந்த மின்னியலாளரைக் கொண்டு சோதிப்பியுங்கள். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிற்ச் இல்லாத வீட்டில் குளியலறைச் சாதனத்தைப் பொருத்தவே கூடாது. பழைய வீடு என்றால் இச்செலவு தொட்டியின் விலையை எட்டவும் கூடும். அப்படியாயின் தொட்டியைச் சில மாதங்கள் பிற்போட்டு, வயரை முதலிற் சீர்செய்யுங்கள்.

தேமோஸ்ராற்றை எவ்வளவில் வைப்பது? 60 பாகைக்குக் கீழே, வெதுவெதுப்பான தொட்டியில், நுரையீரல் நோயை விளைக்கும் லீஜியனெல்லா என்னும் கிருமி பெருகக்கூடும். ஆனால் அதே 60 பாகை நீர் சில விநாடிகளில் தோலை வெந்துபோகச் செய்யும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. ஆகவே தொட்டியை 60 இல் வைத்து, குழாயை அடையுமுன் தண்ணீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் கலப்பு வால்வைப் பொருத்துவித்தல் நலம். அது இயலாத வீடுகளில், வாளிக்கு முதலில் தண்ணீரும் பின்னர் வெந்நீரும் விட்டு, முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே குழந்தையை அழைக்க வேண்டும்.

கடையிலே உத்தரவாதப் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். தொட்டிக்கு ஒரு காலமும், வெப்பச்சுருளுக்கு அதனிலும் குறைந்த காலமும் எழுதியிருப்பர். பெரிய எழுத்தில் உள்ளது தொட்டிக்குரியதே. பொருத்தி முடிந்ததும், வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டி நிரம்பும்வரை காத்திருங்கள். காற்றின் இரைச்சல் அடங்கி, நீர் தடையின்றி ஒழுகத் தொடங்கிய பின்னரே சுவிற்சைப் போடுதல் வேண்டும்; வெறுந்தொட்டியிற் போட்டால் புதுச்சுருள் அன்றைக்கே கருகிவிடும்.